பருப்பு தெரிய ஒரு ஜன்னல் விடுங்கள்

புதுச்சேரியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காலி பாட்டிலுக்குப் பஞ்சம் வராது. ஏன் என்று ஊருக்கே தெரியும், விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டில்களைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், காபித்தூள், ஜாம், ஊறுகாய், தேன் என்று வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்கள் மாதா மாதம் வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தட்டாஞ்சாவடியில் வழுதாவூர் சாலையை ஒட்டிய தெருக்களில் சமையலறை அலமாரியைத் திறந்தால், எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவே இந்த பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கும். சிலவற்றில் கம்பெனி லேபிள் பாதி கிழிந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்த மயிலோ மாவிலைத் தோரணமோ இருக்கும்.

கண்ணாடி நம் சமையலறைக்குப் புதிது அல்ல. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில்தான் வந்தது. பானம் தீர்ந்த பிறகு அதில் சர்க்கரை குடியேறும், அல்லது பொட்டுக்கடலை. மூடி தொலைந்தால் ஊறுகாய்க்குத் துணி கட்டி வைப்பார்கள். பிறகு பேர்ல்பெட் மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்தன. விழுந்தால் உடையாது, எடை இல்லை, உள்ளே இருப்பதும் தெரியும் என்று அலமாரியையே பிடித்துக்கொண்டன. மஞ்சள் தூள் போட்டு வைத்த பிளாஸ்டிக் எத்தனை முறை கழுவினாலும் மஞ்சளாகவே இருப்பதும், வடகம் வைத்த டப்பா ஆயுசுக்கும் வடக வாசனை அடிப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. இப்போது கண்ணாடி திரும்பி வந்திருக்கிறது. வந்த கையோடு அலங்காரமும் வந்துவிட்டது.

2020 ஊரடங்கில் இது ஒரு ஜுரம் போலப் பரவியது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் கிடைத்த பாட்டிலில் சணல் கயிறு சுற்றினார்கள், சிப்பி ஒட்டினார்கள், எம்-சீலை உருட்டி ரோஜா செய்தார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்று டி.வி. ஸ்டாண்டிலும் ஷோகேஸிலும் தூசி படிந்து நிற்கின்றன. ஒரு பிடி பருப்பைக்கூடப் பார்த்ததில்லை. சமையலறை ஜாடியை அலங்கரிப்பது முற்றிலும் வேறு வேலை. அந்த ஜாடியை ஒரு நாளைக்கு நாலு தடவை ஈரக் கையோடு தூக்குவோம். மஞ்சள் விரல் படும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், குக்கர் ஆவி அடிக்கும், மாதம் ஒருமுறை துடைத்துச் சுத்தம் செய்வோம். இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து நின்றால்தான் அது ஜாடி அலங்காரம். இல்லாவிட்டால் ஜாடி வடிவத்தில் ஒரு பொம்மை, அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் வண்ணம், கண்ணாடிமேல் வண்ணம்

சுவருக்கு அடித்த பெயின்ட் நிற்கிறது என்றால், சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வண்ணம் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தத் துளை கிடையாது. வண்ணம் மேலே படுத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை இடையில் ஒரு மெல்லிய படலம் போட்டாலே போதும், ஓரம் தூக்கிக்கொண்டு தோலாக உரிந்து வந்துவிடும்.

இந்தத் தொல்லையே இல்லாத ஒரு வழியை இந்த ஊர்க்காரர்கள் ரொம்பக் காலம் முன்னாலேயே கண்டுவிட்டார்கள். தட்டாஞ்சாவடியிலிருந்து ஊரைக் கடந்து தெற்கே போனால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த இடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அங்கே பெரிதாகத் தெரிவது அந்தச் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள்தான். உருக்கிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, கூர்முனை மழுங்க மறுபடியும் சூடு காட்டுவார்கள். இப்படிச் செய்த மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். இதே முறையில் மணி இழுக்கும் உலைகள் ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை எரிந்திருக்கின்றன.

அந்த மணியில் வண்ணம் கண்ணாடிக்குள் கலந்திருக்கிறது. செம்பு சேர்த்தால் பச்சையோ நீலமோ. அதே செம்பைக் காற்றுக் குறைந்த உலையில் உருக்கினால் செங்கல் சிவப்பு. ஈராயிரம் வருஷம் மண்ணில் கிடந்தும் நிறம் போகவில்லை. நம் வீட்டில் உலை இல்லை, நமக்கு வாய்த்தது மேலே பூசும் வழிதான். அதிலும் சுட்டு நிறுத்துகிற வகை ஒன்று உண்டு. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் அச்சடித்த எழுத்து நினைவிருக்கிறதா? எத்தனை கைமாறி எத்தனை முறை கழுவினாலும் அழியாது. நிறமியோடு கண்ணாடிப் பொடி கலந்து அச்சடித்து, சுமார் 600 டிகிரியில் சுடுவார்கள்; எழுத்து பாட்டிலோடு பாட்டிலாக உருகி ஒட்டிவிடும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ண ஜன்னல்களிலும் இதே தர்மம்தான். புனிதர்களின் நிற அங்கிகள் பெரும்பாலும் உள்ளேயே நிறமூட்டிய கண்ணாடித் துண்டுகள். கண், மூக்கு, துணி மடிப்புக் கோடுகள் மேலே தீட்டிச் சுட்டவை. துண்டுகளை இணைப்பது ஈயப் பட்டை. ஸ்டேஷனரிக் கடையில் கிளாஸ் பெயின்டிங் செட் வாங்கினால் கூடவே ஒரு கறுப்பு அவுட்லைனர் தருகிறார்களே, அது அந்த ஈயப் பட்டைக்கு வேஷம் கட்டிய சரக்கு.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள். அங்கே கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவது வழக்கம். சீன வணிகத்தோடு 18-ஆம் நூற்றாண்டில் வந்து, மராட்டியர் காலத்துத் தஞ்சையில் வேரூன்றிய கலை அது. வரிசை தலைகீழ்: முதலில் கண் மை, நகை, சரிகைக் கோடு, அப்புறம் முகம், உடை, பின்னணி கடைசி. முன்பக்கம் கண்ணாடியே கவசமாக நிற்பதால் படம் பளிச்சென்று அழியாமல் இருக்கும். ஜாடிக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று ஆசை வரும். ஆனால் ஜாடியின் பின்பக்கம் என்பது உட்பக்கம். அங்கே இருப்பது துவரம்பருப்பு. வேண்டவே வேண்டாம். ஜாடிக்குள் ஒரு சொட்டு வண்ணம்கூட இறங்கக் கூடாது.

வாய் சுத்தம், வயிறு திறப்பு

இந்தியாவில் வீட்டுப் பெயின்டிலும் அலங்காரப் பெயின்டிலும் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காகக் கடையில் கிடைக்கும் ஒவ்வொரு குட்டி பாட்டில் வண்ணமும் வாய்க்குள் போகலாம் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் அலங்காரக் கண்ணாடி டம்ளர்களைச் சோதிக்கும்போது, விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரையுள்ள வெளிப்புறத்தை உதடு படும் இடம் என்று தனியாகப் பார்க்கிறார்கள். நாம் ஜாடியில் வாய் வைத்துக் குடிப்பதில்லைதான். ஆனால் மூடி திருகித் திருகி உரசுவது அங்கேதான், ரவையைச் சாய்த்துக் கொட்டும்போது அது வழிந்து வருவதும் அந்த விளிம்பு வழியாகத்தான். கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு ஆரம்பித்தால் சுகாதாரமும் சரி, வண்ணமும் தப்பும்.

அடுத்தது ஜன்னல். ஜாடி முழுக்கப் பூசி மறைத்துவிட்டால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடி வாங்கியதே அதற்குத்தானே? மளிகை லிஸ்ட் எழுதுகிறவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்க வேண்டிவந்தால் அந்த ஜாடி ஒரே வாரத்தில் மேல்தட்டுக்குப் போய்விடும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் வெறும் கண்ணாடி என்ற அமைப்பு அழகிலும் குறைவில்லை. பச்சைப் பயறும் துவரையும் காராமணியும் தங்கள் நிறத்தைத் தாங்களே காட்டிக்கொள்ளும். நாம் வரைகிற பூவைவிட அது பல சமயம் நன்றாக இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி இவற்றுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சளின் நிறச்சத்து ஒளி பட்டால் சிதையும். ஜன்னலோரம் வைத்த மிளகாய்த்தூள் வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பீர் பாட்டில் ஏன் பழுப்பு நிறம் என்று இந்த ஊரில் யோசித்தவர்கள் இருப்பார்கள்: வெளிச்சம் பட்டால் பீரின் வாசனை கெடும், பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கிறது. அதே யுக்தியைத் தூள் ஜாடிக்கு எடுத்துக்கொள்ளலாம். இங்கே தாராளமாக அடர் வண்ணம் பூசுங்கள், முதுகுப் பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் கோடு போல விட்டு வையுங்கள், அளவு பார்க்க. எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு மறைப்பு என்று முடிவு செய்த பிறகு டிசைனைத் தேடுவது நல்லது. யூடியூபில் டிசைனைப் பார்த்துவிட்டு ஜாடியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

கோலம் போடுகிற கை

முதல் வேலை லேபிளை உரிப்பது. வெந்நீரில் ஊறப்போட்டால் காகிதம் வந்துவிடும், பசைதான் போகாது. சமையல் சோடாவும் எண்ணெயும் குழைத்துத் தடவிச் சற்று நேரம் விட்டு, நாரால் தேய்த்தால் பசை திரண்டு உருண்டு வரும். பிறகு சோப்பு. கடைசியாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. அதற்குப் பின் ஜாடியின் உடம்பில் கை படக் கூடாது. உள்ளே இடது கையை விட்டோ, வாயைப் பிடித்தோதான் தூக்க வேண்டும். பாதிப் பேருக்கு வண்ணம் உரிவதற்குக் காரணம் மட்டமான வண்ணம் இல்லை, இந்தத் துடைப்பை விட்டுவிட்டதுதான்.

காயலான் கடைக்கு நான் போய் நின்றாலே அங்கே இருக்கும் பையன் சிரிப்பான்.

“என்னக்கா, இன்னைக்கும் பாட்டிலா?”

“மூடியோட இருந்தா எடுத்து வைப்பா.”

“மூடிதானேக்கா கிராக்கி!”

அவன் சொல்வது நூற்றுக்கு நூறு. கடல் காற்றுக்கு ஜாம் பாட்டிலின் தகர மூடிதான் முதலில் துரு ஏறும். துரு தெரிகிற மூடியைத் தேய்த்து மேலே வண்ணம் பூசி மறைப்பது வேண்டாத வேலை. உட்பக்கம் துரு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். புதிதாக இருக்கும்போதே சாண்ட் பேப்பரால் லேசாக உரசி, வெளிப்புறம் மட்டும் எனாமல் அடித்து வைத்தால் சில வருஷம் தாங்கும்.

வளைந்த பரப்பில் கோடு நேராக வர ஒரு சுலபமான வழி இருக்கிறது. வரைய வேண்டிய படத்தைக் காகிதத்தில் வரைந்து, சுருட்டி ஜாடிக்குள் விட்டு, உள்பக்கத்தோடு ஒட்டி நிற்கும்படி டேப் போட்டுவிடுங்கள். கண்ணாடி வழியாகத் தெரியும் கோட்டின் மேல் வெளியிலிருந்து அவுட்லைனரை ஓட்டினால் போதும். மருதாணிக் கோன் பிடித்துப் பழகிய கைக்கு இந்த அவுட்லைனர் ஐந்து நிமிஷத்தில் வசப்படும். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், நுனி கண்ணாடியைத் தொடாமல் நூல் விழுவதுபோல் கோடு விழ வேண்டும். அதைத்தானே வாசலில் கோலமாவை வைத்துக்கொண்டு தினம் செய்கிறோம்?

ஜாடியில் எனக்குப் பிடித்தது சிக்குக் கோலம். தரையில் போடும்போது கோலத்துக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் கோடு திரும்பியாக வேண்டும். ஜாடியில் இடமும் இல்லை, வலமும் இல்லை. கோடு சுற்றி வந்து தான் புறப்பட்ட புள்ளியிலேயே சேர்ந்துவிடும். இதற்குப் புள்ளிக் கணக்கு ஒத்துவர வேண்டும். ஜாடியின் இடுப்பில் ஒரு நூலைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 28 சென்டிமீட்டர் வந்தால் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 14 புள்ளி. 27 வந்தால் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து அதே 14 புள்ளியைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சேரும் இடத்தில் ஒரு புள்ளி நொண்டியாக நிற்கும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள் என்பது கணிதக்காரர்களுக்குத் தெரியும். ஜாடிக் கோலம் போடுகிறவருக்கு அந்தச் சூத்திரம் தேவையில்லை, நூலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வண்ணம் நிரப்பும்போது ஜாடியைப் படுக்க வைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் துணிச் சுருள் கொடுங்கள். மேலே தெரிகிற பாகத்தை மட்டும் நிரப்பி, அது உலர்ந்த பிறகு திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் வண்ணம் ஒரு பக்கமாக வழிந்து, அவுட்லைன் அணையைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடலோர ஊரின் ஈரக் காற்றில் நீர் வண்ணம் நாள் கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஒட்டிய தூசி கடைசிவரை போகாது. மாசியிலிருந்து ஆனி வரை ஜாடி வேலைக்குத் தோதான காலம்.

உலர்வது வேறு, இறுகுவது வேறு. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபெவிக்ரில், கேமல் கிளாஸ் கலர்கள் காற்றில் உலர்பவை. தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும். அதை நம்பி மறுநாளே கழுவினால் போச்சு. மூன்று வாரமாவது தண்ணீர் காட்டாமல் விட்டு வையுங்கள். பிறகும் ஊறப்போடக் கூடாது, நார் படக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சுட்டு இறுக்குகிற வண்ணங்களும் உண்டு. மார்சேய் பக்கத்து பிரெஞ்சுக் கம்பெனியான பெபெயோ இப்படி ஒரு வகை தயாரிக்கிறது: ஒரு நாள் உலரவிட்டு, 160 டிகிரியில் 40 நிமிஷம். கேக் செய்யும் ஓ.டி.ஜி. அடுப்பே போதும். மூடியையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, குளிர்ந்த அடுப்பில் ஜாடியை வைத்த பிறகுதான் சூடு ஏற்ற வேண்டும். முடிந்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். சாதாரண பாட்டில் கண்ணாடி திடீர்ச் சூட்டையோ திடீர்க் குளிரையோ தாங்காது, விரிசல் விட்டுவிடும். லேபிளில் சூடு பற்றி ஒன்றும் போடாத வண்ணத்தை, முக்கியமாகத் தின்னர் வாடை அடிக்கிற வண்ணத்தை, அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது தீப்பிடிக்கிற சரக்கு.

சணல் கயிறு சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க நன்றாக இருக்கிறது, பிடிக்கவும் வழுக்காது. ஆனால் சமையலறையில் அது எண்ணெயையும் ஈரத்தையும் குடித்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும், கரப்பான் குஞ்சு ஒளிய நல்ல இடமாகும். பேனா ஸ்டாண்டுக்கு இருக்கட்டும். சிப்பி, முத்து, களிமண் பூ எல்லாவற்றுக்கும் இதுவே பதில்: புடைத்து நிற்கிற எதுவும் அலமாரியில் பக்கத்து ஜாடியோடு இடித்து முதலில் உதிரும்.

பெயர் எழுதுவது மட்டும் கட்டாயம். உப்பும் சர்க்கரையும் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுபோலத்தான் தெரியும், அரிசி மாவும் மைதாவும் அப்படித்தான். வாங்கிய தேதியை எழுத ஒரு சின்னக் கட்டம் கறுப்பு சாக்போர்டு பெயின்டில் போட்டுவிட்டால், சாக்பீஸால் எழுதி அழித்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் அலங்கார எழுத்தில் எழுதி வைக்கும் ஃபேஷன் இருக்கிறது. வீட்டில் சமைக்கிற பாட்டிக்கு எது எளிதோ அந்த எழுத்தில் எழுதுங்கள்.

விலை சொல்ல வாய் வரவில்லை

இதை விற்று நாலு காசு பார்க்கலாமா என்ற கேள்வி தட்டாஞ்சாவடியில் எழுவது இயல்பு. தொழிற்பேட்டையும், மாவட்டத் தொழில் மையமும், உளுந்தும் மணிலாவும் மூட்டையாக வந்திறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இருக்கிற பகுதி. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை இணையத்தில் காசு கட்டாமலே செய்துகொள்ளலாம். பக்கத்து ஊர்க் கைவேலைகளுக்குப் பெயரும் இருக்கிறது: வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு, வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் கணக்குப் போட்டால் உற்சாகம் கொஞ்சம் தணியும். பாட்டிலுக்கும் வண்ணத்துக்கும் ஆகிற செலவு சொற்பம். சுத்தம் செய்து, அளந்து, வரைந்து, நிரப்பி, திருப்பி, காத்திருந்து ஒரு ஜாடியை முடிக்க ஒரு முழுப் பிற்பகல் போகிறது. அந்த நேரத்துக்குக் கூலி வைத்து விலை சொன்னால், கேட்கிறவர் அதே அளவு புது ஜாடியை சூப்பர் மார்க்கெட்டில் இரண்டோ மூன்றோ வாங்கலாமே என்பார். மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இதைப் பரப்பி உட்கார்ந்தால் பேரம் பேசியே கொன்றுவிடுவார்கள். ஒற்றை ஜாடியாக விற்பதை விட்டு, ஒரு அடுக்களைக்கு ஒரே டிசைனில் ஆறு எட்டு என்று சீராகச் செய்து தருகிறவர்கள் பிழைக்கிறார்கள். புதுமனைப் புகுவிழாவுக்கும் கல்யாணச் சீருக்கும் இப்படிச் செட்டாகக் கேட்பவர்கள் உண்டு. அங்கேயும் ஜன்னலையும் வாய் ஓரத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்; வாங்கினவர் வீட்டில் மூன்றாம் மாதம் உரிந்தால் நாலாவது வாடிக்கையாளர் வரமாட்டார்.

புதுச்சேரிக்கு மட்டும் உள்ள ஒரு வியாபாரம் ஜூலை, ஆகஸ்டில் வரும். பிரான்சில் இருக்கும் உறவுக்காரர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, திரும்பும்போது வடகம் கேட்பார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைத்த அந்த உருண்டைதான் அங்கே வடுவான் என்ற பெயரில் சமையல்காரர்களின் அலமாரி வரை போயிருக்கிறது. ஒரு கைப்பிடி அகல ஜாடியில், மேலே கோலப் பட்டை போட்டு வடகம் நிரப்பிக் கொடுத்தால் விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தடை விமானப் பெட்டியின் எடைதான், கண்ணாடி கனக்கும். அதனால் இந்தச் செட்டுக்கு ஜாம் பாட்டிலைவிடச் சிறிய தேன் பாட்டிலாகப் பார்த்துச் சேர்த்து வையுங்கள், வண்ண வேலையை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆடி பிறப்பதற்குள் அது நன்றாக இறுகியிருக்கும், புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாலும் துணியில் ஒட்டாது.